போம் நோனாவின் கடைசிக் கேள்வி

கொட்டாஞ்சேனையில் என்னோடு வளர்ந்தவர்களே, நீங்கள் எழுதும் பழைய நினைவுகளை எல்லாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெருநாள் வாணம், ஐஸ்பழ வண்டி, மதிலேறித் திருடிய ஜம்புக்காய். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களில் சிலர் என்னோடு சேர்ந்து ஒன்றரை வருடம் வீடில்லாமல் ஒரு மிளகாய்க் கிட்டங்கிக்குள் கிடந்தவர்கள். அதை மட்டும் ஒருவரும் எழுதக் காணவில்லை. வெட்கமா மறதியா தெரியாது. அறுபதைத் தாண்டியபின் எனக்கு வெட்கம் குறைந்துவிட்டது, அதனால் நான் எழுதுகிறேன். இதில் ஐஸ்பழம் வராது, அடிதான் வரும். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபிக்கமாட்டேன்.

எங்கள் தோட்டம் துறைமுக மதிலுக்குப் பின்னால் இருந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் பூவும் காயும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பலகையாலும் தகரத்தாலும் நெருக்கிக் கட்டிய வீடுகள், முப்பது வீட்டுக்கு ஒரு கக்கூசு. லொறிப் பாதையை அகலமாக்கப் போகிறார்கள், எல்லோரும் எழும்ப வேண்டும் என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள். காகிதம் ஒட்டுவதும் அது மழையில் கிழிவதும் எங்களுக்குப் பழகிப்போன விஷயம், ஆகவே ஒருவரும் அசையவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அவர்கள் காலையில் வந்தார்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்று இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டார். ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில் இரண்டுமுறை மரியாதையாகவே சொன்னார், மூன்றாம்முறை சொல்லவில்லை. பொல்லு அப்பாவின் முழங்கையில் விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. கை நழுவி அவர் குப்புற விழுந்தபிறகும் முதுகில் இரண்டு போட்டார்கள். அது தேவையில்லாத இரண்டு. அம்மா சேலைத் தலைப்பால் சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள், உள்ளங்கை இரண்டும் வெந்துபோயின. இயந்திரம் வந்து சுவரைத் தள்ளியபோது முகம் பார்க்கும் கண்ணாடி, என் பள்ளிக்கூடப் பை, அந்தோனியார் சுருவம் எல்லாம் சுவரோடு சேர்ந்து போயின. அந்தோனியார் காணாமல் போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் என்பார்கள். அவரையே காணவில்லை என்று அம்மா அழுதாள்.

அப்பா ஒரேயொரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். அது அவருடைய கொக்கி. அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். கைக்கு அடங்கும் மரப்பிடி, அதிலிருந்து வளைந்து வரும் இரும்புக் கூர். அதைச் சாக்கில் குத்தி இழுத்துத்தான் தோளில் ஏற்றுவார்கள். ஆயிரம் சாக்கில் உரசி அந்த இரும்பு வெள்ளிபோல மின்னும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசுவார். பிடிக்கு என் தலையைவிட அதிக எண்ணெய் கிடைத்தது என்று அம்மா சொல்வாள்.

எங்களைக் கொண்டுபோய்ப் போட்ட கிட்டங்கி முன்பு செத்தல் மிளகாய் அடுக்கிய இடம். மிளகாய் போயும் காரம் போகவில்லை. முதல் வாரம் பதினெட்டுக் குடும்பமும் தும்மிக்கொண்டே இருந்தது. குழந்தைகளின் கண்கள் வீங்கிச் சிவந்தன. தரையில் சோக்கால் கோடு கிழித்து, கோட்டின்மேல் கயிறு கட்டிச் சாக்குத் தொங்கவிட்டார்கள். அதுதான் வீடு. வெளியே ஒரு குழாய். அந்தக் குழாயடியில் வாளியால் வாளியை அடித்து, பிறகு வாளியால் ஆளை அடித்து, பெண்கள் மயிரைப் பிடித்து உருளாத காலை எனக்கு நினைவில்லை. சோக்குக் கோட்டை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்காக ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்தான். காதில் ஒரு துண்டு நிஜமாகவே போய்விட்டது. அடிபட்டு வந்தவர்கள் எல்லோரும் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், வேறென்ன.

அப்பா தூரப் போகவில்லை. எங்கள் கோட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டார்.

தோட்டத்திலும் அவர் அம்மாவை அடித்தவர்தான், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அங்கே கையால் மட்டும், சம்பள நாளில் மட்டும். முழங்கை நொந்தபிறகு அவரால் முன்புபோல மூட்டை தூக்க முடியவில்லை. கங்காணி அவரைப் பின்வரிசையில் நிறுத்தினான், பல நாள் வேலை கிடைக்காமல் திரும்பினார். திரும்பி வரும்போது கசிப்புச் சாராய வாடை முதலில் வரும், அப்பா பிறகு வருவார். செருப்பு, அகப்பை, இடுப்புவார், பிறகு கொக்கியின் மரப்பிடி. பக்கத்துச் சாக்குக்கு அந்தப்பக்கம் ஒரு சிங்கள அக்கா இருந்தாள். அடி தொடங்கியதும் சாக்கில் ஓங்கித் தட்டி "கஹன்ன எப்பா, அய்யே, கஹன்ன எப்பா" என்பாள். அடிக்காதே அண்ணா என்று அர்த்தம். பதினெட்டுக் குடும்பத்தில் வாய் திறந்தவள் அவள் ஒருத்திதான்.

இந்த நிலைமையில்தான் போம் நோனா வந்தாள். அவளுடைய உண்மைப் பெயர் எங்களுக்குத் தெரியும், ஆனால் கையில் எப்போதும் கேள்விகள் அச்சடித்த ஒரு கட்டுப் போம் வைத்திருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நோனா என்றால் சிங்களத்தில் சீமாட்டி. மெல்லிய வொயில் சேலை, தோல் பை, கூர்மையாகச் சீவிய பென்சில். வெள்ளவத்தைப் பக்கத்துத் தமிழ் ஆள். வீடிழந்த குடும்பங்களுக்கு எந்த உதவி நெடுநாளைக்குப் பயன்படுகிறது என்று ஆராயப்போவதாகச் சொன்னாள். சிலருக்கு மட்டக்குளியில் புதிய வீட்டின் சாவி, சிலருக்கு வாடகைக் காசு, மிச்சப் பேர் இப்போதைக்குக் கிட்டங்கியிலேயே. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள், பல வருடம் கேட்பார்கள்.

எங்கள் சனம் அதைக் கேட்டுச் சிரித்தது. சீட்டுக் குலுக்கி வீடு கொடுப்பார்களாமா? சிபாரிசுக் கடிதம் இல்லாமல் இந்த நாட்டில் தபால் முத்திரைகூட வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள்.

அப்போது எங்களுக்கு விளக்கம் சொன்னவர் கிளாக்கர் மாமா. அவர் கிளாக்கர் இல்லை, ஏதோ ஒரு கந்தோரில் பியோனாக இருந்து ஓய்ந்தவர். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடந்த தகுதியால் கோப்பின் உள்ளே என்ன இருக்கும் என்பதும் தனக்குத் தெரியும் என்று நினைத்தார். சீட்டு வெறும் கண்துடைப்பு, போமில்தான் மார்க் போடுகிறார்கள், நல்ல குடும்பத்துக்குத்தான் சாவி என்று அடித்துச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. நோனா வருவதற்கு முதல்நாள் பின்னேரம், முன்பு மிளகாய் மூட்டை நிறுத்த தராசு மேடையில் ஏறி உட்கார்ந்து, தானே நோனாவாகி, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுப் பழக்கினார். தலை சீவி, சட்டை போட்டு வர வேண்டும். குடிக்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா பெருநாளுக்கு மட்டும் என்றார்.

"பெருநாள் எண்டும் சொல்ல வேண்டாம்" என்றார் கிளாக்கர் மாமா. "வருசத்தில எத்தினை பெருநாள் எண்டு அவவுக்குத் தெரியும்."

கிட்டங்கியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பின்னேரம் ஒருவரும் ஒருவரை அடிக்கவில்லை. மறுநாள் நோனா வந்தபோது அந்த இடத்தில் குடிகாரரே இல்லை. சண்டைக்காரரும் இல்லை. காது கடிபட்டவன்கூட நாய் கடித்தது என்று சொன்னான்.

பிஸ்கட் டின்னுக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு விழுந்தது வெள்ளைச் சீட்டு, கிட்டங்கியிலேயே இரு என்று அர்த்தம். நோனாவின் வாகனம் திரும்பிப் போகும்வரை எல்லோரும் நல்ல குடும்பமாக நின்றோம். பிறகு, சாவி கிடைத்த ஒருவனை நாலு பேர் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உனக்கு எப்படிக் கிடைத்தது, நீ எங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு உதைத்தார்கள். அவன் மண்டை தராசு மேடையில் மோதிப் பிளந்தது. அவன் மனைவி சாவியைத் தூக்கிக் காட்டி, இதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளை விடுங்கள் என்று கெஞ்சினாள். அவனை உதைத்த கால்களில் அப்பாவின் காலும் ஒன்று. நான் பார்த்தேன்.

கிளாக்கர் மாமா மட்டும் தளரவில்லை. இது முதல் தவணைதானாம், மார்க் சேர்ந்துகொண்டே போகுமாம், ஒரு பதில் பிசகினால் எல்லாம் போச்சாம். ஆகவே பதில்களை இன்னும் இறுக்கினோம்.

இரண்டாம் தவணையில் போமில் ஒரு புதுக் கேள்வி வந்தது. கடைசிக் கேள்வி அது. அதைப் பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். அம்மாவிடம் பேசி முடித்ததும் நோனா அவளைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, எங்கள் பாயில் என் எதிரே உட்கார்ந்தாள். சேலை அழுக்காகும் என்று அவள் யோசிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. ஒரு டொபி தந்தாள்.

"வீட்டில் யாரைக் கண்டாவது உனக்குப் பயமா?" என்று கேட்டாள். "அம்மாவை யாராவது அடிக்கிறார்களா?"

அம்மா காலையில் தலை இழுத்துக் கட்டும்போதே சொல்லிவைத்திருந்தாள்: "என்ன கேட்டாலும் இல்லை எண்டு சொல்லு, மகள். ஒரு சொல்லுப் பிழைச்சா வீடு போயிடும்." நோனாவின் தலைக்கு மேலே தூணில் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. அன்று அப்பாவுக்கு வேலை இல்லை, வெளியே நின்றார். டொபி வாயில் கரைந்துகொண்டிருந்தது.

இல்லை என்று சொன்னேன். நோனா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஏதோ எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடுப்பகல். அப்பா மூன்று நாளாக வேலையில்லாமல் இருந்தார். மீன் யார் வாங்கித் தந்தது என்று கேட்டார். பக்கத்து அக்கா தந்தாள் என்று அம்மா சொன்னாள், அது உண்மைதான். பிச்சை எடுத்து என்னை அவமானப்படுத்துகிறாயா என்று தூணிலிருந்து கொக்கியை எடுத்தார். இரும்பைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு மரப்பிடியால் அடித்தார். முதல் அடி தோளில். அம்மா என்னைத் தன் பின்னால் தள்ளிவிட்டாள். இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது அடிக்கு அவள் ஏன் நிமிர்ந்து பார்த்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அது இடது கண்ணில் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அவள் மீன் சட்டிக்குள்ளேயே விழுந்தாள், சட்டித் தண்ணீர் சிவந்து சோக்குக் கோட்டைக் கரைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் போனது. சிங்கள அக்கா சாக்கைப் பிய்த்துக்கொண்டு வந்து அப்பாவின் கையைக் கடித்தாள். மற்ற ஆண்கள் எல்லோரும் எட்டி நின்றார்கள். நான் அம்மாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கத்தக்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாடகைக் கார் பிடித்துத் தந்தவர் கிளாக்கர் மாமாதான். நல்ல மனிதர், கண் கலங்கியிருந்தது. ஏறும்போது அம்மாவின் காதருகே குனிந்து, குழாயடியில் விழுந்ததாகச் சொல்லு, பொலிசுக்கு எழுதினால் நோனாவுக்குப் போய்விடும் என்றார். அம்மா ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். ஆஸ்பத்திரியிலும் அப்படியே சொன்னாள். அந்தக் கண் திரும்பி வரவில்லை.

மறுநாள் அப்பா அந்தக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று வேலையும் கிடைத்தது.

அடுத்த வருடம் எங்களுக்கும் மட்டக்குளியில் வீடு கிடைத்தது. கிளாக்கர் மாமா வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். உண்மையில் கட்டடம் கட்டி முடிந்தது, மிச்சமிருந்தவர்களுக்கும் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சீமெந்துச் சுவர், கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். போம் நோனா வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். வீடு கிடைத்தபின் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போயிருப்பாள். சாக்குக்குப் பின்னால் அடி விழுந்தால் பதினெட்டுக் குடும்பத்துக்குக் கேட்டது, தட்டவும் ஒரு கை இருந்தது. சுவருக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா ஈரல் வீங்கிச் சாகும்வரை, இன்னும் பதினொரு வருடம், அந்தத் தாழ்ப்பாள் உள்ளே இருந்துதான் போடப்பட்டது. கொக்கியைச் செத்தவீட்டுக்கு வந்த யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது தொலைந்ததற்காக நான் எந்தப் புனிதரிடமும் வேண்டவில்லை.

நான் படித்தேன், ஒரு கம்பனியில் தட்டச்சு செய்தேன், முப்பது வருடச் சம்பளத்தில் வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு அறை வாங்கினேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் தேநீர்க் கோப்பையை வைக்கும்போது இடப்பக்க மேசை விளிம்பைத் தடவிப் பார்ப்பாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு நாளும், நான் அன்று ஓம் என்று சொல்லியிருந்தால் என்று நினைத்திருக்கிறேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் வந்தாள். அந்த ஆராய்ச்சி இன்னும் முடியவில்லையாம். அன்றைய பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தேடித் தேடிக் கேட்கிறார்களாம். போம் நோனா காலமாகிவிட்டாளாம். கையில் பழைய கோப்பின் பிரதி இருந்தது. என் பக்கத்தை நான் பார்க்கலாமா என்று கேட்டேன், தந்தாள்.

கடைசிக் கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘பிள்ளை, இல்லை என்கிறாள். சொல்லும்போது தூணில் உள்ள கொக்கியைப் பார்க்கிறாள்.’

அதை மூன்றுமுறை வாசித்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஓம் எண்டு வாயால சொன்னாத்தான் ஆக்களை அங்கயிருந்து வெளியில எடுக்கலாம் எண்டு விதி, அன்ரி. ஓம் எண்டவைக்கு எந்தச் சீட்டு விழுந்தாலும் தாய்க்கும் பிள்ளையளுக்கும் தனி அறை, தாயின்ர பேரில சாவி. ரெண்டு அறை ஒழுங்கு செய்து வச்சிருந்தவை."

அதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? சொன்னால் எல்லோரும் பொய்யாக ஓம் என்றுவிடுவார்கள், ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று பயந்தார்களாம். எங்கள் கிட்டங்கியில் ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. இரண்டு அறையும் பூட்டியே கிடந்தனவாம். நாங்கள் பொய் சொல்வோம் என்பதை மட்டும் சரியாகக் கணித்திருந்தார்கள், எந்தப் பக்கம் சொல்வோம் என்பதில்தான் பிழைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் கோப்பைக் கிழித்திருப்பேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அடங்கினேன். அவள் என்ன செய்வாள், அப்போது அவள் பிறக்கவே இல்லை.

அவள் புதுப் போமை எடுத்தாள். சிறு வயதில் வீட்டில் வன்முறை இருந்ததா என்று கேட்டாள். உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. எண்பது வயது, ஆனால் காது நல்ல கூர்மை.

"இல்லை எண்டு சொல்லு, மகள். வீட்டை எடுத்துப்போடுவாங்கள்."

இது என் பெயரில் உள்ள வீடு, உறுதிப் பத்திரம் அலுமாரிக்குள் இருக்கிறது. பிறகு நான் ஓம் என்று சொன்னேன். உள்ளே கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். பொல்லு, மிளகாய்க் காரம், தராசு மேடை, கொக்கி, மீன் சட்டி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்பது வயதில் நான் சொன்ன இல்லைதான் அம்மாவின் கண்ணை எடுத்தது என்பதையும் சொன்னேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். நான் திட்டுவாங்கத் தயாரானேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணால் அந்தப் பெண்ணின் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளையில பிழையில்லை" என்றாள். "நோனா முதல் என்னட்டத்தான் கேட்டவ. கையைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டுதரம் கேட்டவ. நான்தான் இல்லை எண்டனான். என்ர பேரைப் போட்டு அதை எழுதுங்கோ."

போமில் அதற்கு இடம் இல்லை என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஓரத்தில் எழுது என்றேன்.